புது முட்டியும் அளவு ஜாக்கெட்டுகளும்

வலது முழங்கால் மூட்டை மாற்றி, மதுரையிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பியபோது, செய்யக்கூடாதவற்றையெல்லாம் டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தரையில் உட்காரக் கூடாது. குத்தவைக்கக் கூடாது. படிகளைத் தவிர்க்க வேண்டும். தினமும் சமதளத்தில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். நல்ல மனிதர்தான். ஆனால் தாளைப் படித்து முடித்ததும், அவர் கொடைக்கானலைக் காலண்டர் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது.

எங்கள் வீடு நாயுடுபுரத்தில், ரோட்டிலிருந்து முப்பத்தெட்டுப் படி கீழே இருக்கிறது. சமதளம் என்று இந்த ஊரில் சொல்லிக்கொள்ள ஏரியைச் சுற்றிய ரோடு ஒன்றுதான் உண்டு. அதையும் குதிரைக்காரர்களும் வாடகை சைக்கிளில் வருகிற புதுமணத் தம்பதிகளும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அங்கே வாக்கரை ஊன்றிக்கொண்டு நடந்தால் குதிரைகூட என்னை முந்திப்போக வெட்கப்பட்டது. இரண்டு நாள் போய்விட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மகனும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் படியில் தூக்கி இறக்கினார்கள். என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஆயுசில் பாதியை ஓட்டியவர். நாற்காலிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, "லெஃப்ட்ல ஒடி, ஒடி, போதும், நேரா வா, நேரா வா, பின்னாடி ஆளு வருது" என்று கையை ஆட்டி என்னை வீட்டுக்குள் பார்க் பண்ணினார். ஆபரேஷனுக்கு முன்பு எனக்குத் தைரியம் சொன்னவரும் அவர்தான். "பியரிங் போயிருச்சு, மாத்துறாங்க. புது பியரிங் போட்ட வண்டி எப்படி ஓடும் தெரியுமா?" என்றார். அவர் ஓட்டிய வண்டிகள் எப்படி ஓடின என்று அதில் பயணம் செய்த எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கட்டைப் பிரித்த அன்று முட்டியைக் குனிந்து பார்த்தேன். தையலே இல்லை. வரிசையாக ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள். முப்பது வருடம் அடுத்தவர்களுக்குப் பொடித்தையல் போட்டுக் கொடுத்தவளின் காலில் ஸ்டேப்ளர் பின்! அந்த அவமானம் வலியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

நான் லேடீஸ் டெய்லர். வீட்டின் முன்னறைதான் கடை. மிதித்துத் தைக்கிற மிஷின், ஒரு வெட்டுப் பலகை, ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள்தான் என் தொழில் இருந்தது. எங்கள் பக்கம் டேப்பை வைத்து அளவெடுக்க யாரும் நிற்பதில்லை. உடம்புக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து போடுவார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். அதைப் பார்த்துப் புதியதை வெட்ட வேண்டும். என் வாடிக்கைக்காரர்கள் அந்த அளவு ஜாக்கெட்டைத் திருப்பி வாங்குவதே இல்லை. அது வருடக்கணக்காக என் பெட்டியிலேயே கிடக்கும். துணியை மட்டும் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பொம்பளையின் அளவு ஜாக்கெட் என் பெட்டியில் இருக்கும்வரை அவள் வேறு டெய்லரிடம் போக முடியாது. கல்யாணப் பந்தம்கூட அவ்வளவு உறுதி இல்லை.

ஆபரேஷன் முடிந்து இரண்டாவது வாரத்திலிருந்து நலம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த ஊரில் நமக்கு இவ்வளவு பேரா என்று நெகிழ்ந்துபோய், போர்வையை நீவிவிட்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் ஆரஞ்சுப் பழம் வைத்தார்கள், ஹார்லிக்ஸ் வைத்தார்கள், இதேபோல் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்த படுக்கையான யாரோ ஒருவருடைய கதையைத் தவறாமல் சொன்னார்கள். உள்ளே வைத்த இரும்பு இந்த ஊர்க் குளிருக்குச் சுருங்கிப்போகும் என்று ஒருவர் அக்கறையாக எச்சரித்தார். பிறகு எழுந்து நின்று, வாசல்வரை போய், ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் திரும்பினார்கள்.

"அந்த அளவு ஜாக்கெட் இங்கதான கெடக்கு? ரொம்ப அழுக்காயிருக்கும். துவைச்சுக் கொண்டாந்து தர்றேன்" என்றார் பள்ளிக்கூட டீச்சர். ஆறு வருடமாக அழுக்காகத் தெரியாத ஜாக்கெட். எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்து வந்தவருக்குத் தன் அளவு ஜாக்கெட்டைத் தங்கச்சிக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கடுத்தவருக்குச் சும்மா ஒரு ஆசையாம், பழைய ஜாக்கெட்டைப் பார்க்க. பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டம்மா ஒருவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார். "பெருநாள் வருதுக்கா. உங்களால இப்ப மிதிக்க முடியாது. வேற எடத்துல குடுக்கப் போறேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். கோபித்துக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு மட்டும் கொஞ்சம் அழுதேன். மற்றவர்கள் பொய் சொன்னபோது சிரிப்புதான் வந்தது.

ஆரஞ்சுப் பழம் ஏறிக்கொண்டே வந்தது, பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. ரோட்டு மேலே கண்ணாடிக் கதவு போட்டு, டிசைனர் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட ஒரு கடை புதிதாக வந்திருந்தது. என் பெட்டி அங்கே குடிபோய்க்கொண்டிருந்தது.

காலியான பெட்டியை மகனும் பார்த்தான். அவன் டூரிஸ்ட்டுகளுக்கு வண்டி ஓட்டுகிறவன். இந்த ஊரில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வருகிற வியாதி அவனுக்கும் வந்தது. எந்த அறையைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு சென்னைக் குடும்பம் படுத்திருப்பதாகத் தெரியும்.

"அம்மா, இந்த ரூமுக்கு ஒரு பாத்ரூம் மட்டும் போட்டா சீசனுக்கு விட்டுரலாம். பள்ளத்தாக்கு வியூ இருக்குல்ல" என்றான்.

அந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். தொட்டிக்குப் பின்னால் பனிமூட்டமாக மஞ்சு ஏறி நிற்கும். மஞ்சு இல்லாத நாளில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி தெரியும்.

"மிஷினை எங்கடா வைக்கிறது?"

"நீ இனிமே எதுக்கும்மா கஷ்டப்படணும்? ரெஸ்ட் எடு."

ரெஸ்ட் எடு என்பதை எவ்வளவு பாசமாகச் சொல்கிறார்கள்! வீட்டில் உனக்கு வேலை இல்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. கடைசியில் அவனே ஒரு கெடு வைத்தான். பங்குனி முடிவதற்குள் நான் பழையபடி மிஷினில் உட்கார்ந்து தைத்தால் அறை என்னுடையது. இல்லாவிட்டால் மிஷின் அடுப்படிப் பக்கம் போகும், அறைக்குப் பாத்ரூம் வரும். சரி என்றேன். பயமாகத்தான் இருந்தது. அந்த அறையை விட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. முட்டி மாற்றிய ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

அதற்கு முன்பே மகன் ஒரு மோட்டார் வாங்கி மிஷினில் மாட்டிக் கொடுத்திருந்தான். காலை லேசாக அழுத்தினால் போதும், அதுவே ஓடும் என்றான். ஓடியது. வீட்டுக்காரரின் தலையணை உறையைத் தைத்துப் பழகலாம் என்று உட்கார்ந்தேன். நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் அது நிற்கவில்லை. உறையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டது. "தலையணையை எந்த வழியா உள்ள விடணும்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். மோட்டாரைக் கழற்றச் சொல்லிவிட்டேன். எப்படியும் காற்றடித்து ஒரு மரம் சாய்ந்தால் இந்த ஊரில் நாள் முழுக்கக் கரண்ட் இருக்காது.

மிதிக்க வேண்டுமானால் முட்டி மடங்க வேண்டும். பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் வாரம் ஒரு முறை மதுரையிலிருந்து வீடியோ காலில் வருவாள். கால் இந்தப் பக்கம் நடுங்கினாலும், "சூப்பர் ஆன்ட்டி, வேற லெவல் ஆன்ட்டி" என்பாள். மிஷின் மிதிக்க எவ்வளவு மடங்க வேண்டும் என்று கேட்டேன். "ஜிம் மிஷினா ஆன்ட்டி?" என்றாள். அன்றிலிருந்து என் பாடத்திட்டத்தை நானே வகுத்துக்கொண்டேன்.

சக்கரத்திலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். பெல்ட் இல்லாவிட்டால் மேலே ஊசி ஓடாது, கீழே மிதி மட்டும் ஆடும். நூல் இல்லை, துணி இல்லை, வெறும் மிதி. முதல் நாள் வலது காலைத் தூக்கி மிதியில் வைப்பதற்கே இரண்டு கையும் தேவைப்பட்டது. பாதம் கீழே போகும், மேலே வராது. இடது கால் தள்ளினால் வலது கால் விருந்தாளி மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். காலையில் பத்து நிமிஷம், மத்தியானம் பத்து நிமிஷம். கண்ணில் தண்ணீர் வரும். டாக்டரையும், மகனையும், டிசைனரையும், கடைசியில் என்னையும் திட்டிக்கொண்டே மிதிப்பேன். வீட்டுக்காரர் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். டீ வாயில் வைக்க முடியாது. ஆனால் ஒரு நாள்கூட அவர் அதை மறக்கவில்லை.

ஆறு வாரத்தில் மிதி ஆடத் தொடங்கியது. அதற்குள் பெட்டியில் ஒரே ஒரு அளவு ஜாக்கெட் மிஞ்சியிருந்தது.

அது கிளாவரைக்காரம்மாவுடையது. கேரள எல்லையை ஒட்டின கிளாவரை என்கிற மேல்மலைக் கிராமத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். இருபது வருடமாக அவர் துணியைக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார், பூண்டு மூட்டையோடு மூட்டையாகப் பஸ்ஸில் வந்து சேரும். தைத்ததை ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது வாங்கிப்போவார். அவருக்கு வலது தோள் அரை விரல் இறங்கியிருக்கும். மூட்டை சுமந்த தோள். அது அந்த அளவு ஜாக்கெட்டில் இல்லை, என் கையில் இருக்கிறது. வேறு யார் வெட்டினாலும் அவருக்குக் கழுத்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

மாசிக் கடைசியில் அவர் போன் பண்ணினார். "அந்த ஜாக்கெட்டைப் பஸ்ஸுல குடுத்து விடும்மா. இங்கன ஒரு புள்ள மிஷின் வாங்கிப் போட்டிருக்கு" என்றார்.

ஜாக்கெட் அப்போது என் மடியில்தான் இருந்தது. "தேடணும்க்கா" என்றேன். "நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப யாரோ பெட்டியை மாத்தி வச்சுட்டாங்க. எங்க போச்சுன்னே தெரியலை."

மற்றவர்களின் பொய்களை எண்ணி எண்ணிச் சிரித்தவள் நான். எனக்கே ஒரு பொய் இவ்வளவு வழுக்கிக்கொண்டு வரும் என்று நினைக்கவில்லை. போனை வைத்ததும் ஜாக்கெட்டை நான்காக மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன், திருட்டுச் சாமான் மாதிரி.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அவரே வந்துவிட்டார். படியில் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். முன்பெல்லாம் அந்தப் படியில் பூண்டுப் பையோடு தடதடவென்று வருகிறவர். நானும் மூன்று வருடம் அப்படிப் பக்கவாட்டில்தான் இறங்கினேன். அந்த நடையை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே வந்து, கைப்பையைக் கீழே வைத்து, பூண்டுக் கட்டை வெட்டுப் பலகையில் வைத்துவிட்டு, "வெள்ளனே பஸ்ஸு ஏறுனேன். ஜாக்கெட்டு கெடைச்சுதா?" என்றார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. பெட்டிக்குள் கையை விட்டு நேராக எடுத்து நீட்டினேன். "பரவாயில்லையே, தேடாமலே கெடைச்சிருச்சு" என்று மட்டும் சொன்னார். ஆனால் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கத்தரிப்பூ நிறத் துணியை எடுத்தார்.

"இதை இப்பவே தை. நான் இங்கனயே உக்காந்து பாக்கணும்."

சோதித்துப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சோதித்துவிட்டுப் போகட்டும். துணியை வெட்டினேன், வலது தோளை அரை விரல் இறக்கினேன். பெல்ட்டை எடுத்துச் சக்கரத்தில் மாட்டினேன். மூன்று மாதத்தில் முதல் முறையாக என் மிதிக்கு ஊசி துணிக்குள் இறங்கியது. முதல் கோடு கொஞ்சம் கோணிவிட்டது, பிரித்துத் தைத்தேன். இரண்டாவது நேராகப் போனது. அவர் துணியைப் பார்க்கவே இல்லை. குனிந்து மிஷினுக்கு அடியில், என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைக்கிற நேரத்தில் மகன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பாத்ரூமுக்கு அளவெடுக்க வந்தவர். பங்குனி முடிய இன்னும் நாள் இருந்தது, என் மகனுக்குத்தான் பொறுமை இல்லை. "அம்மா, ஒரு நிமிஷம் எந்திரிச்சா இவரு சுவத்தை அளந்துட்டுப் போயிருவாரு" என்று சொல்ல வாயெடுத்தவன், நான் மிதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

கடைசிக் கொக்கியை வைத்து நூலைக் கடித்தபோது முட்டி கொதித்தது. பாதத்தை மிதியிலிருந்து எடுத்து, முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு, ஜாக்கெட்டை நீட்டினேன். அவர் வாங்கி மடியில் வைத்தார்.

"இந்தா பாரு, நான் துணிக்காக வரலை. எனக்கு ரெண்டு முட்டியும் மாத்தணும்ங்கறாக. ஊருல பாதிப் பேரு, நீ பொழைக்க மாட்டங்கறாக. மீதிப் பேரு, மறுநாளே ஓடலாங்கறாக. நீ பண்ணிக்கிட்டவ. வலிக்குதா? உள்ளதைச் சொல்லு."

நான் மகனைப் பார்த்தேன். அவனும் என் பதிலுக்குத்தான் நின்றான். வலிக்கிறது என்றால் அறை போய்விடும். வலிக்கவில்லை என்றால், இந்தம்மா என் பேச்சை நம்பிப் போய் ஆபரேஷன் மேஜையில் படுப்பார். எழுந்து உட்கார்கிற முதல் நாள் அவருக்கு என்ன வலி வரும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் என்னை நினைத்துக்கொள்வார். ஏற்கெனவே ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வாய் இது.

"வலிக்குதுக்கா" என்றேன். "இப்பவும் வலிக்குது. மொத பத்து நாள் எதுக்குடா பண்ணிக்கிட்டோம்னு இருக்கும். அழுவீங்க."

அவர் மடியிலிருந்த ஜாக்கெட்டை மடித்தார்.

"ஆனா ஒண்ணு. முன்னாடியெல்லாம் வலி வந்து தைக்க விடாது. இப்ப தைச்சதுனாலதான் வலிக்குது."

அவர் தன் முட்டியை ஒரு தரம் நீவிவிட்டுக்கொண்டார். பிறகு, "சரி. காட்டுல பூண்டு எடுப்பு முடிஞ்சதும் மதுரைக்குப் போறேன். தெரியாத ஊரு. நீயும் கூட வந்து ரெண்டு நாளு இரு" என்றார்.

"நான் எப்படிக்கா வர்றது? எனக்குத் தையல் சோலி கெடக்குல்ல?"

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. தைத்து முடித்த அந்த ஒரு ஜாக்கெட்டைத் தவிர அறையில் ஒரு துண்டுத் துணி கிடையாது. பெட்டி காலி. வாசலில் நின்ற மகன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் அளக்க வந்தவரின் தோளைத் தொட்டு, "வாங்கண்ணே, ஒரு டீயைக் குடிப்போம், இது இப்ப வேணாம்" என்று படியேற்றிக் கூட்டிப் போய்விட்டான்.

கிளாவரைக்காரம்மா சிரிக்கவில்லை. கைப்பைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து இரண்டு பூப்போட்ட துணிகளை எடுத்து மிஷின் மேல் வைத்தார்.

"அப்ப இந்தச் சோலியையும் சேர்த்துப் பாரு. ஆஸ்பத்திரியில போடுறதுக்கு ரெண்டு நைட்டி. முட்டிக்கு மேல தூக்குற மாதிரி அகலமா வேணும். நீ மட்டும் வலிக்கலைன்னு சொல்லியிருந்தீன்னா, இதை வெளியவே எடுத்திருக்க மாட்டேன்."

நைட்டிக்கு அளவு ஜாக்கெட் உதவாது. அவர் வாழ்க்கையில் நைட்டி போட்டதும் இல்லை. இருபது வருடத்தில் ஒரு முறைகூட அவர் உடம்பில் நான் டேப்பை வைத்ததில்லை. மிஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். முட்டி சுரீர் என்றது. கழுத்திலிருந்து டேப்பை உருவினேன்.

"கையைத் தூக்குங்கக்கா" என்றேன்.